தளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய கூட்டத்தில் கொடுத்த சர்க்கரை ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. அதில் நான் எதையோ கலந்துவிட்டேன் என்று ஊரில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்களாம். அபாண்டம். அதில் இருந்தது மாவு, வெண்ணெய், பட்டை, கட்டிச் சர்க்கரை, அவ்வளவுதான். ரொட்டிக்கடை வீட்ஸ்கேயின் கைப்பக்குவத்தில் கைவைக்க எவனுக்கும் மனம் வராது.

என் பெயர் ஹெஸ்ஸல் போஸ்த்மா. பிர்சும் ஊர்ப் பனிச் சங்கத்தின் தலைவர். ஓய்வு பெறும்வரை கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் காவலராக இருந்தேன். படகு வந்தால் கார்களை நிறுத்துவேன். கார்கள் சேர்ந்துவிட்டால் படகை நிறுத்துவேன். யார்மேலும் தனிப்பட்ட விரோதம் கிடையாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

விசாரிக்க வந்த நீங்கள் தெற்கத்திக்காரர் என்பது நீங்கள் என் பெயரை உச்சரித்ததிலேயே தெரிந்தது. அதனால் பனிச் சங்கம் பற்றி இரண்டு வார்த்தை. நெதர்லாந்தின் வடக்கு மூலையான இந்த ஃப்ரீஸ்லாந்தில் தேவாலயம் இல்லாத ஊர்கூட இருக்கலாம், பனிச் சங்கம் இல்லாத ஊர் கிடையாது. குளிர்காலம் வந்தால் ஒரு மேய்ச்சல் நிலத்தில் தண்ணீரைக் கட்டுவோம். உறையும். சங்கத் தலைவர் போய்த் துளை போட்டுக் கனம் பார்ப்பார். தாங்கும் என்று அவருக்குத் தோன்றினால் கொடி ஏறும். அதுவரை மேயரே வந்தாலும் ஒரு கால் வைக்க முடியாது. உறைபனி விழுந்துவிட்டால் என் வீட்டுத் தொலைபேசி ஓயாது. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஹெஸ்ஸல், தாங்குமா?" நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு சொல்வேன்: "இன்னும் தாங்காது. நாளைக்குக் கேளுங்க." பள்ளிக்கூடமே என் பதிலுக்காகக் காத்திருந்த காலம் உண்டு.

பிறகு குளிர்காலங்கள் கெட்டுப்போயின. மழை பெய்தது, சேறு ஆயிற்று, மறுபடி மழை பெய்தது. நிலத்துக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு அதில் ஆடு விட்டுவிட்டான். சங்கத்தில் ஆள் இருந்தது, கொடி இருந்தது, மணி இருந்தது, பனி மட்டும் இல்லை. என் தொலைபேசியில் என் தங்கை மட்டும் கூப்பிட்டாள், அதுவும் தன் முதுகுவலியைப் பற்றிச் சொல்ல. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வேறு விதமாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது வீட்ஸ்கே. ரொட்டிக்கடைக்காரி, அப்போது வயது இருபத்தாறு. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சக்கரப் பலகையில் சறுக்கி விளையாட ஊரில் ஓர் இடம். தேவாலய வாசலில் விளையாடினாள். அங்கே சரளைக் கல்லைக் கொட்டினார்கள். தபால் நிலையப் படிக்கட்டில் விளையாடினாள். அங்கே பூந்தொட்டி வைத்தார்கள். அவளுக்கு முழங்கால் தேய ஆரம்பித்த நேரத்தில் நகராட்சிக்கு ஞானம் பிறந்து, விளையாட்டு அரங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையை ஒதுக்கியது. எப்படிக் கட்டுவது என்று ஊரைக் கேட்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றார்கள்.

அழைப்பில் "ஸ்கேட்பான்" என்று போட்டிருந்தது. சக்கரப் பலகைத் தளம் என்று பொருள். எழுதியவர் மரைன் என்ற இளம் அலுவலர், ஊர் தெற்கே உட்ரெக்ட். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எங்கள் நாக்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெற்கே தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும் எழுத்தை நாங்கள் செருமாமல் "ஸ்க" என்போம். பள்ளிக்கு அவர்கள் "ஸ்ஹோல்", நாங்கள் "ஸ்கோலெ". ஆட்டுக்கு அவர்கள் "ஸ்ஹாப்", நாங்கள் "ஸ்கீப்". பனிச்சறுக்குத் தளத்தை அவர்கள் "ஸ்ஹாட்ஸ்பான்" என்பார்கள். அதுவே எங்கள் வாயில் "ஸ்காட்ஸ்பான்" ஆகிவிடும்.

அழைப்பைப் பார்த்ததும் பௌகே என் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் சங்கத்தின் மூத்தவர், எண்பத்து நாலு வயது, பல்செட்டு. கண் கலங்கியிருந்தது.

"ஹெஸ்ஸல், பாத்தியாடா? நமக்கு ஸ்காட்ஸ்பான் கட்டப் போறாங்க. அதையும் நம்ம மொழியிலயே எழுதிட்டான். ரெண்டு எழுத்து தப்பு, போனாப் போகுது. நகராட்சிக்காரன் எழுத்துக்கூட்டிப் பழகுறான்."

அந்த நிமிடத்தில் நான் திருத்தியிருக்கலாம். நீங்கள் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். திருத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எண்பத்து நாலு வயதுக்காரர் சந்தோஷமாக இருக்கும்போது எழுத்துப்பிழை பார்ப்பது நாகரிகம் இல்லை. "கூட்டத்துக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

எல்லாரும் வந்தார்கள். ஊர்வலம் போல வந்தார்கள். எனக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு கிடைத்தது. காரணம், ஊரில் மணி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, பனிச்சறுக்குப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு அடிக்கும் மணி. சக்கரப் பலகைப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். பெரியவர்கள் முன்னால் அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று தோன்றியதால் பக்கத்து அறையில் தனியாக உட்காரவைத்தேன். மரைன் கொண்டுவந்திருந்த மெழுகுக் களிமண்ணையும் கொடுத்து, "உங்க மனசுல இருக்கறத அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன். மரைனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வீட்ஸ்கே வரவில்லை. தூங்கிப்போய்விட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மரைன் எழுந்து நின்றார். வட்டார உச்சரிப்பு உள்ளவர்களை இரண்டாம் முறை சொல்லச் சொல்லக்கூடாது, மனம் புண்படும் என்று அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"உங்க கனவுல இந்த ஸ்கேட்பான் எப்படி இருக்குன்னு சொல்லுங்க ஐயா."

"சமமா இருக்கணும் தம்பி," என்றார் பௌகே. "கண்ணாடி மாதிரி."

மரைன் எழுதிக்கொண்டார். "மேடு, பள்ளம், படிக்கட்டு, கைப்பிடிக் குழாய்... இந்த மாதிரி ஏதாவது?"

"குழாயா? ஒரு சுள்ளி கிடந்தாலே இடுப்பு போயிடும். நீ என்னப்பா கொலைகாரனா இருக்கே?"

கூட்டம் கைதட்டியது. அளவு என்ன என்று கேட்டார் மரைன். நானூறு மீட்டர் சுற்று என்று முப்பது குரல்கள் ஒன்றாகச் சொல்லின. ஸ்கேட்பான் உலகில் இப்படி ஒரு போக்கு இருப்பது தனக்குத் தெரியாது என்றும், மூத்த குடிமக்களிடமிருந்து இவ்வளவு ஆர்வத்தை எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து மளிகைக்கடைக்காரி எழுந்தாள்.

"எல்லாம் சரி, தண்ணி நிக்குமா? தண்ணி நிக்கலைன்னா எதுக்குங்க தளம்?"

மரைன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சந்தேகம் தெரிந்தது. என்னைப் பார்த்தார். மளிகைக்கடைக்காரியும் என்னைப் பார்த்தாள். இரண்டு மொழியும் புரிந்த ஆள் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.

நான் பொய் சொல்லவில்லை. "மழை ஜாஸ்தியாயிடுச்சே சார்," என்றேன். "தண்ணிய எங்கயாவது தேக்கணும்தானே?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மரைன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் மழைநீர்த் தேக்கமாகவும் இருக்கும் விளையாட்டுத் தளம் என்றால் மாகாணமே கூடுதலாக உதவும் என்றும், இவ்வளவு தொலைநோக்கான ஊரைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். மதகு ஒன்று வைப்பது, அதைத் திறந்து மூடத் தன்னார்வலர் ஒருவரை நியமிப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. ஆட்சேபணை உண்டா என்று மூன்று முறை கேட்டேன். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. மணி அடித்தேன்.

பிள்ளைகளின் களிமண் மாதிரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அருமையாகச் செய்திருந்தார்கள். ஆழமான கிண்ணக் குழி, அதன் விளிம்பு, இரண்டு படிக்கட்டு, ஒரு வளைந்த சுவர்கூட இருந்தது. யாரும் தெரியாமல் இடித்துவிடக் கூடாது என்று நான்தான் அதைப் பாதுகாப்பாகச் சன்னலடியில், அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாயின்மேல் வைத்தேன். வெளியே குளிர், அதனால் குழாயின் சூட்டைக் கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தேன், பெரியவர்கள் இருந்தார்களே. மரைன் படம் எடுக்கப் போனபோது அது தோசை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"பாருங்க சார்," என்றார் மரைன், படம் எடுத்தபடியே. "இளைஞர்களும் சமதளம்தான் கேக்கறாங்க. தலைமுறை இடைவெளின்னு சும்மா சொல்றாங்க."

அடுத்த கோடையில் தளம் கட்டி முடிந்தது. நானூறு மீட்டர் நீள்வட்டம், கண்ணாடி போன்ற கான்கிரீட், சுற்றிலும் இடுப்பளவுச் சுவர், கால்வாய்ப் பக்கம் ஒரு மதகு. திறப்பு விழாவுக்கு வீட்ஸ்கே கையில் மாவோடு, கக்கத்தில் பலகையோடு ஓடி வந்தாள். வந்தவள் சுவரோரம் நின்றுவிட்டாள்.

"மாமா, இதுல எங்க ஏறி எங்க இறங்குறது?"

மரைன் விளக்கினார். முழு ஒருமித்த கருத்து, மாகாணத்திலேயே முன்மாதிரி என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமா, அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்து எழுப்புறேன்னீங்களே?"

"வந்தேன்மா. கதவைத் தட்டினேன்."

அதுவும் பொய் இல்லை. ஆனால் நீங்கள் அலுவல் ரீதியாகக் கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்தைய வாரம் கடைக்குப் போய் நாற்பது சர்க்கரை ரொட்டி வேண்டும் என்றேன்.

"நாப்பதா? நான் ஒத்த ஆளு மாமா. முந்தின நாள் சாயங்காலமே அடுப்பு மூட்டணுமே."

"ஊரே வருதும்மா. வயிறு நெறஞ்சா நல்ல வார்த்தை வரும். உன் தளத்துக்காகத்தானே?"

உடனே சம்மதித்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தூங்காமல் சுட்டாள். ரொட்டிகளை என் வண்டியில் ஏற்றும்போது நின்றபடியே கண் மூடியது. "கொஞ்சம் படுக்கறேன், எழுப்பிடுங்க மாமா, இதுக்காகப் பதினாலு வருஷம் காத்திருக்கேன்" என்றாள். எழுப்புகிறேன் என்றேன். போனேன். தட்டினேன். கம்பளிக் கையுறை போட்டிருந்தேன். குளிராக இருந்தது.

நாற்பதில் ஒரு ரொட்டியைச் சக்கரப் பலகை வடிவத்தில் சுட்டிருந்தாள். நாலு சக்கரத்துக்கு நாலு சர்க்கரைக் கட்டி. பார்த்தால் கேள்வி வரும் என்று அதை நான் வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டேன். அதனால்தான் ரொட்டி நன்றாக இருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் வீட்ஸ்கே அழவில்லை, மனு போடவில்லை. மாவு மூட்டை வரும் மரச்சட்டங்களைச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து அறுத்து, இழைத்து, ஆணியடித்துச் சரிவுமேடைகள் செய்தாள். நவம்பர் மழையில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு செய்தார்கள். கடைசியில் தளத்தின் நடுவே ஐந்து மேடை, ஒரு படிக்கட்டு, ஒரு குழாய்கூட நின்றன. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவளே பெரிய மேடையிலிருந்து பாய்ந்து, காற்றில் பலகையைத் திருப்பி, கீழே இறங்கி நின்றாள். தேய்ந்த முழங்காலோடு. வேடிக்கை பார்த்த பௌகேகூடக் கைத்தடியால் சுவரைத் தட்டினார். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. எனக்குள் ஏதோ இளகியது. வீட்டுக்குப் போனேன். வானொலியில் வானிலை வந்தது. சனிக்கிழமை உறைநிலைக்கு மூன்று பாகை கீழே என்றார்கள்.

சேற்று வயலில் தண்ணீர் கட்டினால் உறைய ஒரு வாரக் குளிர் வேண்டும். கான்கிரீட் மேல் விரல் கனத்துக்குத் தண்ணீர் விட்டால் ஒரே இரவு போதும். நாட்டிலேயே முதல் பனி எந்த ஊரில் என்று எல்லாச் சங்கமும் காத்துக்கொண்டிருக்கிறது. பிர்சும் என்று செய்தியில் வந்திருக்கும். மதகுச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மழைநீர்த் தேக்கத் தன்னார்வலர் நான்தான்.

தனியாக முடிவு எடுப்பது எனக்குப் பழக்கம் இல்லை. முறைப்படி கருத்துக் கேட்டேன். பௌகே வீட்டுக்குப் போய், "தண்ணி விடலாமா?" என்றேன். தலையாட்டினார். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது, செவிக்கருவி மேசைமேல் இருந்தது. ஆனாலும் ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.

சனிக்கிழமை மாலை வீட்ஸ்கே வழக்கம்போல் ஏழு மணிக்குத் தூங்கப் போன பிறகு, நான் மதகைத் திறந்து கால்வாய்த் தண்ணீரை உள்ளே விட்டேன். ஆம், நான்தான். காற்று இல்லை, போக்கிரிப் பையன்கள் இல்லை, மதகில் கோளாறும் இல்லை. என் கையால் திறந்தேன்.

இங்கே ஒரு தொழில்நுட்பத் தவறு நடந்தது. விரல் கனம் போதும் என்று சொன்னேன் அல்லவா? ஆனால் அந்த மேடைகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அது சங்கடமாக இருந்தது. அவை கண்ணில் படாமல் மூடட்டும் என்று விட்டேன், விட்டேன், சுவர் விளிம்புவரை விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். மரம் மிதக்கும் என்பது என் நினைவுக்கே வரவில்லை. நாற்பது வருடம் படகுகளைப் பார்த்த எனக்கு. அவை ஒவ்வொன்றாக எழுந்து, ஒன்றையொன்று முட்டி உடைத்துக்கொண்டு, சாவகாசமாகத் தளத்தைச் சுற்றி வந்தன. அவ்வளவு தண்ணீர் ஒரே இரவில் உறையவும் இல்லை. மேலே ஓர் ஆடை படிந்தது, அவ்வளவுதான்.

விடிந்ததும் அவள் வந்தாள். முதல் அடுப்பு ரொட்டியை வைத்துவிட்டு வந்திருப்பாள், மேலங்கியில் மாவு இருந்தது. ரப்பர் பூட்ஸோடு இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கினாள். பெரிய மேடையின் ஒரு துண்டைப் பிடித்துக் கரைக்கு இழுக்கப் பார்த்தாள். அது ஊறிப்போய்க் கனத்துவிட்டிருந்தது. சுவரருகே நான் நிற்பதைப் பார்த்தாள். கத்தவில்லை.

"மாமா, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா," என்றேன். உண்மையும் அதுதான்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். முழுதாக என் காதில் விழவில்லை, மன்னிக்க வேண்டும். அவள் இடுப்பைச் சுற்றி உடைந்த பனியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண் அளவுதான் இருந்தது. இன்னும் இரண்டு இரவு குளிர் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டேன். மத்தியானம் மழை வந்துவிட்டது.

சறுக்குவதில் அவ்வளவு வெறியா என்று கேட்டீர்கள். எனக்குச் சறுக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கணுக்கால் பலவீனம். பனியில் நான் கனம் பார்க்கும் அளவுக்குத்தான் நடந்திருக்கிறேன். எல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செய்ததுதான். அவர்களிடம் பனிச்சறுக்குக் காலணி இல்லை என்பது வேறு விஷயம். வாங்கிக்கொள்வார்கள்.

வீட்ஸ்கே என் வீட்டுக்கு ரொட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டாள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஊர் ரொட்டியில் சர்க்கரையே இல்லை. ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் ஈரக் கையுறையைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. வைத்தேன், மறுபடி அடித்தது. மளிகைக்கடைக்காரி கூப்பிட்டாள், பாதிரியார் கூப்பிட்டார், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், மேயர்கூடக் கூப்பிட்டார். இருட்டும்வரை ஓயவே இல்லை. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஹெஸ்ஸல், என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் பொறுமையாகச் சொன்னேன்: "இன்னும் தாங்காது. நாளைக்குக் கேளுங்க."